கையில் ஏறும் கருஞ்சிறுத்தை: அழுத்தமான விலங்கு உருவங்கள் நம்மை ஏன் இழுக்கின்றன?

தேயிலை மலைக்குள் சிறுத்தை நடமாடுகிறது என்பது முதலில் கால்தடத்தால் தெரியவரும். இல்லாவிட்டால் லயத்து நாய் ஒன்று காணாமல் போவதால் தெரியவரும். விலங்கை நேரே பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பொகவந்தலாவ, டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கங்களில் காடும் தேயிலையும் மாறி மாறி வருவதால் அது நமக்கு மிக அருகில்தான் வாழ்கிறது. ஆனாலும் கவ்வாத்து வெட்டாத தேயிலைக்குள் படுத்துவிட்டால், பத்தடி தள்ளி நின்று கொழுந்து எடுப்பவருக்குக்கூடத் தெரியாது. மறைந்திருப்பதுதான் அதன் பிழைப்பு.

இப்போது கண்டியில் ஒரு டாட்டூக் கடைக்குப் போய் மாதிரிப் படங்களைப் புரட்டிப் பாருங்கள். அதே விலங்கு முழுக் கறுப்பில், வாயைப் பிளந்து, பல்லைக் காட்டி, நகங்களை விரித்துக்கொண்டு நிற்கும். சில படங்களில் நகம் பதிந்த இடத்தில் இரத்தச் சொட்டுகூட இருக்கும். வாழ்நாள் முழுக்க ஒளிந்து திரியும் ஒரு பிராணியை இவ்வளவு சத்தமாக ஏன் வரைகிறார்கள்? ‘வீரத்தின் அடையாளம்’ என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். பல கடைகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பாதிக் காரணம் ஊசியிலும் தோலிலும் இருக்கிறது, மீதி நம் கண்ணில் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டால் கோயில் வாகனத்திலிருந்து தேர்தல் சின்னம் வரைக்கும் பல விஷயங்கள் விளங்கும்.

முதலில், அது என்ன விலங்கு?

டாட்டூக்காரர்கள் ‘பாந்தர்’ என்று சொல்லும் அந்தக் கறுப்பு விலங்கு ஒரு தனி இனம் கிடையாது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் என்றால் அது கறுப்பாகப் பிறந்த சிறுத்தை. தென்னமெரிக்காவில் என்றால் கறுப்பாகப் பிறந்த ஜாகுவார். மெலனின் என்ற நிறமி அளவுக்கு மிஞ்சி உருவாவதால் இந்தக் கறுப்பு வருகிறது. சிறுத்தையில் இதற்குக் காரணம் பின்னிடைவான மரபணு, அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி கறுக்கும். ஜாகுவாரில் அது ஆட்சியான மரபணு, ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். ஆகவே ஒரே ஈற்றில் மஞ்சள் குட்டியும் கறுப்புக் குட்டியும் சேர்ந்து பிறக்கலாம். நல்ல வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் அந்தக் கறுப்புத் தோலுக்குள்ளும் வட்ட வட்டமான புள்ளிகள் மங்கலாகத் தெரியும்.

மலாயத் தீபகற்பத்தின் தெற்கில் சிறுத்தைகள் ஏறத்தாழ எல்லாமே கறுப்புத்தான். நம் நாட்டில் கறுப்பு மிக அபூர்வம். அப்படி ஒன்று 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கம்பிச் சுருக்கில் சிக்கியது. காப்பாற்றி உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துப்போனது. சிவனொளிபாதமலை அடிவாரத்தில் அப்படியொரு விலங்கு இருந்தது என்பதையே பலர் அந்தச் செய்தியில்தான் அறிந்தார்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்கு யார் கழுத்தில் விழுகிறது என்று பார்ப்பதில்லை.

இலங்கைச் சிறுத்தை தனி உப இனம், அறிவியல் பெயர் பன்தெரா பார்டஸ் கொட்டியா. ஆண் சராசரியாக 55 கிலோ அளவில் இருக்கும், பெண் 30 கிலோவை ஒட்டி. சிங்கமும் வரிப்புலியும் இல்லாத தீவு என்பதால் இங்கே அதற்கு மேல் வேட்டை விலங்கு இல்லை. உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் 2020 முதல் ‘அழிவாய்ப்பு உள்ளது’ என்ற வகையில் இருக்கிறது, அதற்கு முன் அதைவிட மோசமான வகையில் இருந்தது.

இன்னொரு விஷயம். இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் பாந்தர் டாட்டூ அமெரிக்காவில் உருவான பாணி. ஆனால் அங்கே காட்டில் கறுப்புப் பெரும்பூனையைக் காண்பது நடக்காத காரியம். புளோரிடாக்காரர்கள் பாந்தர் என்று சொல்வது பழுப்பு நிறப் பூமாவைத்தான், பூமா கறுப்பாக இருந்ததற்கு நம்பத்தக்க சான்றே கிடையாது. அதனால் அந்தப் படத்தை வரைந்து வரைந்து புகழ்பெற வைத்தவர்களில் பலர் சர்க்கஸிலும் மிருகக்காட்சிசாலையிலும் மற்ற ஓவியர்களின் தாளிலும்தான் அந்த விலங்கைச் சந்தித்திருப்பார்கள். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஜப்பானிய ஓவியர்கள் நூற்றாண்டுக்கணக்காக மூங்கில் காட்டுப் புலியை வரைந்தார்கள். ஜப்பானில் புலி கிடையாது. இறக்குமதியான தோலையும் சீன ஓவியங்களையும் வீட்டுப் பூனையையும் பார்த்தே வரைந்தார்கள். பாரிஸில் சுங்கச்சாவடி வேலை பார்த்த ஆன்றி ரூசோ 1891இல் புயலுக்குள் பதுங்கும் புலியை வரைந்தபோது பிரான்சை விட்டு வெளியே போனதே இல்லை. உயிரியல் பூங்காவும் தாவரவியல் தோட்டமும் அவருக்குப் போதுமாக இருந்தன. நேரில் பார்க்காதவர் அளவு எடுத்து வரையமாட்டார், பயத்தையும் வியப்பையும்தான் வரைவார்.

கைக்கு எப்படி வந்தது

உடலில் விலங்கை வரைவது புதிய மோகம் என்று நினைத்தால் ஐயாயிரம் ஆண்டு பின்னால் போக வேண்டும். எகிப்தில் கண்டெடுத்து பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்திருக்கும் ஓர் ஆணின் உடலில், மேற்கையில் கறுப்பாக ஏதோ கறை இருந்தது. அகச்சிவப்புக் கதிரில் படம் எடுத்துப் பார்த்தபோது அது காட்டெருது ஒன்றும் காட்டுச் செம்மறி ஒன்றும் என்று தெரிந்தது. 2018இல் வெளியான இந்த ஆய்வின்படி, உருவமாக வரைந்த டாட்டூக்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றில் இவையும் அடக்கம். சைபீரியாவின் பனிக்குள் சுமார் 2,300 ஆண்டு கெடாமல் கிடந்த ஒரு பெண்ணின் கைகளை 2025இல் இதே முறையில் படமெடுத்து வெளியிட்டார்கள். அங்கே மான் இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, பாதி சிங்கம் பாதி கழுகான ஒரு கற்பனை மிருகமும் இருக்கிறது.

சரி, இன்றைய பாந்தருக்கு வருவோம். அதன் பிறப்புக்கு மூன்று பொருட்கள் வேண்டியிருந்தன: இயந்திரம், அச்சுத்தகடு, அவசரம்.

தோமஸ் எடிசன் 1876இல் மின்சாரப் பேனா ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். தாளில் நுண்ணிய துளைகள் போட்டுப் பிரதி எடுக்கும் அலுவலகக் கருவி அது. அதே யோசனையை வைத்து நியூயோர்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓரைலி 1891இல் மின்சார டாட்டூ இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை கையால் குத்திக்கொண்டிருந்த வேலை பல மடங்கு வேகமானது. பெரிய பரப்பைக் கறுப்பால் நிரப்புவது சில மணி நேரத்து வேலை ஆயிற்று. இந்த இயந்திரம் வராமல் கை முழுக்கப் படரும் கறுப்பு விலங்கை ஒரே இருப்பில் நிரப்புவது நடந்திருக்காது.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கப்பல்காரர்கள், படையினர். துறைமுகத்தில் இறங்கி ஒரு மாலை நேரம் கையில் இருக்கும், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். கடைச்சுவரில் வரிசையாக மாட்டிய படத்தாள்களில் ஒன்றைக் காட்டி ‘இது’ என்பார்கள். டாட்டூக்காரர் அந்தப் படத்தின் கோடுகளைக் கீறி வைத்த செலுலாயிட் தகட்டை எடுப்பார். கீறலில் கரித்தூளைத் தேய்த்து, வாசலின் பூசிய தோலில் அழுத்தி எடுத்தால் கோடு பதிந்துவிடும். கையால் கீறிய தகட்டில் மெல்லிய விவரங்கள் நிற்காது. எனவே கோடு குறைவாகவும் தடிப்பாகவும் இருக்கும் படங்களே தொழிலில் நிலைத்தன. வேர்ஜீனியாவின் நோர்ஃபோக் துறைமுகத்தில் கடை வைத்திருந்த ‘கேப்’ கோல்மன் வரைந்த தாள்களை 1936இலேயே பக்கத்திலிருந்த கடல்சார் மியூசியம் ஒன்று வாங்கி வைத்தது. ஹொனலுலுவில் நோர்மன் கொலின்ஸ் (1911–1973), ‘செய்லர் ஜெர்ரி’ என்ற பெயரில், இந்தப் பாணியை ஜப்பானிய நுட்பத்தோடு சேர்த்து மெருகேற்றினார்.

கப்பல்காரர்களின் சின்னங்களுக்குப் பெரும்பாலும் ஒரு கணக்கு உண்டு. நீண்ட தூரம் பயணம் போனவருக்குத் தகைவிலான் குருவி. கடலில் மூழ்காமல் இருக்க ஒரு பாதத்தில் பன்றி, மறு பாதத்தில் சேவல். பாந்தருக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. அது எதையும் காக்கவில்லை, எதற்கும் நேர்த்திக்கடன் இல்லை. பார்ப்பவரைப் பார்த்து உறுமுவது ஒன்றுதான் அதன் வேலை.

அதற்கு இன்னொரு இரகசியப் பயனும் உண்டு. பழைய காதலியின் பெயரை மறைக்க வேண்டும் என்று வருகிறவருக்குப் பாந்தரைவிட நல்ல படம் அமைவது கஷ்டம். அவ்வளவு கறுப்பு. உலகத்தில் உறுமிக்கொண்டிருக்கும் பாந்தர்களில் எத்தனை ஒரு பெயரின் மேல் உட்கார்ந்திருக்கின்றனவோ.

தோலுக்கு ஏற்ற கோடு

டாட்டூ மை மேல்தோலில் தங்குவதில்லை. மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படும். அதில் மை இருந்தால் அதுவும் சேர்ந்து உதிர்ந்துவிடும். அதனால் ஊசி சுமார் ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில், அடித்தோலில் மையை விடுகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. குப்பை அள்ளும் வேலையுள்ள ‘மக்ரோபேஜ்’ என்ற கலங்கள் வந்து மைத்துகள்களை விழுங்குகின்றன. ஆனால் அவற்றால் மையைச் செரிக்க முடியாது, வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகின்றன. அந்தக் கலம் சாகும்போது மை வெளியே கொட்டும், பக்கத்தில் புதிதாக வந்த கலம் அதை மறுபடி விழுங்கும். பிரான்சில் எலிகளை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கைமாற்றத்தைக் காட்டியது. டாட்டூ நிலையாக இருக்கிறது என்று நாம் சொல்வது, தோலுக்குள் ஓயாமல் நடக்கும் இந்த ஒப்படைப்பைத்தான்.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் நகரும். பத்து, இருபது வருடத்தில் ஈரத் துணியில் போட்ட மைக்கோடு மாதிரி எல்லாக் கோடும் தடிக்கும். ஒன்றோடொன்று நெருக்கமாக வரைந்த மெல்லிய கோடுகள் சேர்ந்து ஒரே கறையாகிவிடும். தடித்த கோடு, நடுவில் தாராளமான இடைவெளி, நிறையக் கறுப்பு என்று வரைந்த படம் தடித்தாலும் தன் உருவத்தை இழக்காது. பழைய டாட்டூக்காரர்கள் ஒரு படத்தில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பு, ஒரு பங்கு வண்ணம், ஒரு பங்கு வெறும் தோல் இருக்க வேண்டும் என்பார்கள். பாந்தரில் வண்ணம் மிகக் குறைவு: சிவந்த நாக்கு, மஞ்சளோ பச்சையோ கண். முதுகிலும் தொடையிலும் பளபளப்பாகத் தெரியும் இடங்கள் வெள்ளை மை அல்ல, நிரப்பாமல் விட்ட தோல்தான்.

இந்தப் பாடம் நமக்கு அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை. நம் தோட்டங்களில் வயதான பாட்டிமாரின் முன்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து மலைக்கு வந்த பழக்கங்களில் பச்சை குத்துவதும் ஒன்று. குறவர் பெண்கள் வந்து குத்திவிடுவார்கள். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுத்து மை செய்தார்கள். அதே கார்பன் கறுப்பு. ஆழத்தில் இருப்பதால் ஒளி சிதறி வெளியே நீலப் பச்சையாகத் தெரிகிறது. அந்தக் கைகளில் எழுத்தாகக் குத்திய பெயர்கள் பெரும்பாலும் கலங்கிப்போய் வாசிக்க முடியாமல் இருக்கும். புள்ளி வைத்து இடம் விட்டுப் போட்ட கோலமும், கொடுக்கைத் தூக்கிய தேளும் இன்றும் தெளிவாக இருக்கும். அந்தப் பெண்கள் எந்தப் பள்ளியிலும் ஓவியம் படிக்கவில்லை. தோல் எதை வைத்துக்கொள்ளும், எதைக் கலைத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாநிறத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, ‘எங்கள் தோலில் எடுபடுமா?’ என்பது. மை இருப்பது அடித்தோலில், நம் தோல் நிறம் இருப்பது அதற்கு மேலே. ஆகவே எந்த மையையும் நம் நிறத்தின் ஊடாகத்தான் பார்க்கிறோம். மஞ்சள், வெள்ளை, இளநீலம் எல்லாம் மங்கிவிடும். கறுப்புக்கு அந்தச் சிக்கல் குறைவு. இணையத்தில் வெள்ளைத் தோலில் பார்க்கும் மென்வண்ணப் பறவையைக் காட்டி ‘இதேதான் வேண்டும்’ என்றால் ஏமாற்றம் வரலாம். பாந்தர் ஏமாற்றாது.

கண் ஏன் அங்கே போய் நிற்கிறது

தொழில் காரணங்கள் இருக்கட்டும். தடித்த கோட்டில் ஒரு தேநீர்க் கோப்பையையும் வரையலாமே, விலங்கு ஏன்? அதுவும் பல்லும் நகமும் உள்ள விலங்கு?

நம் முன்னோர்கள் நீண்ட காலம் இந்தப் பூனைகளின் இரையாக இருந்தவர்கள். அவற்றைச் சட்டென்று அடையாளம் காணாதவர் பிள்ளை பெறும் வயது வரை வாழ்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. தென்னிந்தியக் காடுகளில் குரங்குகளிடம் சிறுத்தைப் பொம்மைகளைக் காட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். புள்ளித் தோலைக் கண்டதும் அவை பாய்ந்து ஓடின. முழு விலங்கு வேண்டியிருக்கவில்லை, அந்தப் புள்ளிகளே பாதி வேலையைச் செய்தன. மனிதக் கண்ணுக்குள்ளும் அப்படியொரு பழைய காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்க இடமுண்டு. பிரான்சின் ஷோவே குகையில் முப்பதாயிரம் ஆண்டுக்கும் முன்னர் வரைந்தவர்கள் தாங்கள் தின்ற விலங்கை மட்டும் வரையவில்லை. சிங்கக் கூட்டத்தையும் வரைந்தார்கள், புள்ளி போட்ட சிறுத்தை ஒன்றையும் வரைந்தார்கள். துருக்கியின் சட்டல்ஹூயூக்கில் சுவரில் புடைப்பாகச் செய்த சிறுத்தைகளுக்கு மேல் திரும்பத் திரும்ப வண்ணம் பூசிப் புதுப்பித்திருக்கிறார்கள்.

அழுத்திச் சொல்வது ஏன் நிஜத்தைவிட அதிகமாக ஈர்க்கிறது என்பதற்கு ஒரு சுவையான விளக்கம் உண்டு. கடற்காகக் குஞ்சு தாயின் அலகிலுள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தி உணவு கேட்கும். நிக்கோ டின்பெர்கன் என்ற ஆய்வாளர் தாய் முகமே இல்லாத ஒரு குச்சியில் அடர்த்தியான கோடுகளைப் போட்டு நீட்டினார். குஞ்சு நிஜ அலகைவிட ஆவேசமாக அதைக் கொத்தியது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டைனுடன் சேர்ந்து 1999இல் எழுதிய கட்டுரையில் இதே வழியில் கலையை விளக்கப் பார்த்தார். ஒரு பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அம்சம் எதுவோ, அதை மட்டும் எடுத்து இன்னும் கூட்டினால் மூளை நிஜத்தைவிட அதற்கு அதிகமாகப் பதில் சொல்லும் என்பது அவர் கருத்து. சோழர் காலத்துப் பார்வதி செப்புத் திருமேனியின் வளைவுகளை உதாரணமாகக் காட்டினார். எல்லாக் கலையையும் இந்த ஒரு சாவியால் திறக்க முடியாது என்று மறுத்தவர்களும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் பாந்தர் டாட்டூவுக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. நிஜச் சிறுத்தையின் வாய் அவ்வளவு அகலம் திறக்காது, நகம் அவ்வளவு நீளம் கிடையாது, முதுகு அப்படி வளையாது. சிறுத்தையைச் சிறுத்தையாக்கும் மூன்று நான்கு அம்சங்களைக் கூட்டி, மற்றதைக் கறுப்பில் கரைத்துவிட்டார்கள்.

நம் பக்கத்து மிருகங்கள்

இப்படிப் பார்க்கப் பழகினால் மலையகம் முழுக்க இந்தக் கலை நிறைந்திருப்பது தெரியும். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் வெளியே வரும் சிங்க வாகனத்தின் கண்களைக் கவனியுங்கள். முட்டை அளவு பிதுங்கியிருக்கும். நாக்கு வெளியே தொங்கும். எந்தச் சிங்கமும் அப்படி இருக்காது என்று செய்தவருக்கும் தெரியும். அது இரவில், விளக்கு வெளிச்சத்தில், கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் தெரிய வேண்டிய முகம். முனியாண்டியின் மீசையும் கண்ணும் அதே கணக்கில் வந்தவை. கண்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில் எம்பெக்க தேவாலயம் இருக்கிறது. கம்பளை அரசர் காலத்தது. அங்கே மரத்தூண்களில் இருதலைப் பறவையும், சிங்கமும் யானையும் கலந்த மிருகமும் செதுக்கியிருக்கிறார்கள். நம் கோயில் தூண்களின் யாளிக்கு அவை சொந்தக்காரர்கள். அப்புறம் ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கும் தனியார் பஸ்களையும் திரீவீலர்களையும் பாருங்கள். கழுகு, குதிரை, சிங்கம். வளைவு திரும்பும் இரண்டு விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பதால் அங்கேயும் மெல்லிய கோட்டுக்கு வேலை இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வாக்குச்சீட்டு. பெருவிரல் அளவு இடம், ஒரே நிறம், எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் தவறாமல் தெரிய வேண்டும். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சேவலையும் ஐக்கிய தேசியக் கட்சியின் யானையையும் அடையாளம் காண நம் ஆட்களுக்கு எழுத்து தேவைப்பட்டதில்லை.

1960களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலும் இதே நிலைமைதான் இருந்தது. அங்கே அப்போது ஆண்ட ஜனநாயகக் கட்சியின் சின்னமும் ஒரு சேவலாக இருந்தது. ஆனால் அதன் மேல் ‘வெள்ளையர் மேலாதிக்கம்’ என்றே எழுதியிருந்தது, 1966 தொடக்கம் வரை. லவுண்ட்ஸ் கவுன்டி என்ற இடத்தில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகத் தனிக் கட்சி தொடங்கியபோது சேவலுக்கு எதிரே நிற்க ஒரு விலங்கு தேவைப்பட்டது. அட்லாண்டாவில் ஒரு கல்லூரி அணியின் சின்னத்தைப் பார்த்துக் கருஞ்சிறுத்தையை வரைந்தார்கள். அந்த விலங்கு தானாக யாரிடமும் வராது, தள்ளத் தள்ளப் பின்வாங்கும், மூலையில் முட்டிய பிறகுதான் பாயும் என்று அவர்கள் தலைவர் விளக்கம் சொன்னார். அதே 1966இல் கலிபோர்னியாவில் ஒக்லண்ட் நகர இளைஞர்கள் தங்கள் கட்சிக்கு அந்தச் சின்னத்தையும் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். 1972இல் மும்பையில் தலித் பாந்தர்கள் உருவானார்கள். அங்கிருந்து அது தமிழ்நாட்டுக்கு வந்தது, விடுதலைச் சிறுத்தைகளின் பெயரில் இன்றும் இருக்கிறது. குடிகாரக் கப்பல்காரனின் கையிலிருந்த மிருகமும், வாக்குப்பெட்டிக்குப் போன மிருகமும் ஏறத்தாழ ஒரே தோற்றம்தான். இரண்டும் தூரத்திலிருந்து தெரிய வேண்டியிருந்தது.

நம் நாட்டில் விலங்குச் சின்னம் எதையும் வெறும் அலங்காரமாக அணிவது எளிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கம் தேசியக் கொடியில் இருக்கிறது. வரிப்புலி எந்த அர்த்தத்தில் வாசிக்கப்படும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, சோதனைச்சாவடிக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு முக்கியமாக. தெய்வ உருவங்களிலும் சிக்கல் உண்டு. கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியச் சுற்றுலாப் பெண் ஒருவரை 2014இல் கட்டுநாயக்கவில் பிடித்து நாடு கடத்தினார்கள். அது தவறு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி நட்டஈடு கொடுக்க வைத்தது. கருஞ்சிறுத்தைக்கு இந்த நாட்டில் கொடியும் கட்சியும் இல்லை. இளைஞர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதில் இந்த நிம்மதிக்கும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

நீங்களே ஒன்று குத்திக்கொள்ள நினைத்தால்

படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்து மயங்க வேண்டாம். தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் தலை எது, நகம் எது என்று தெரிந்தால் நல்ல படம். அறையின் மறுகோடியில் ஒருவரை நிறுத்திக் காட்டி ‘என்ன மிருகம்?’ என்று கேட்பது இன்னும் நல்ல சோதனை. ‘நாய்’ என்று பதில் வந்தால் வேறு படம் தேடுங்கள். பாந்தரின் தலையில் காது கொஞ்சம் நீண்டாலோ மூக்கு கொஞ்சம் கூரானாலோ நாயாகிவிடும், இது பலருக்கு நடந்திருக்கிறது.

இடம் முக்கியம். ஏறும் பாந்தர் நீளவாக்கில் வளைந்த உருவம் என்பதால் முன்கை, மேற்கை, கெண்டைக்கால், தொடை ஆகியவற்றுக்குப் பொருந்தும். தலை மேல்நோக்கியோ உடலின் முன்பக்கம் நோக்கியோ இருப்பது வழக்கம். பின்பக்கம் பார்க்கும் மிருகம் ஓடிப்போவதாகத் தோன்றும். நெஞ்சில் என்றால் முழு உடலைவிடத் தலை மட்டும் போதும்.

கடையில் ஊசி உங்கள் கண்ணெதிரில் உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். மை சிறு கிண்ணத்தில் உங்களுக்கென்று ஊற்றப்பட வேண்டும், மிச்சம் குப்பைக்குப் போக வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் ஊசியால் பரவும் என்பதால் இதில் கூச்சப்படாமல் கேளுங்கள். திருவிழாக் கடையில் ஒரே ஊசியில் பத்துப் பேருக்குக் குத்தும் இடத்துக்கு, எவ்வளவு மலிவானாலும், போகாதீர்கள். வெட்டுக்காயம் ஆறிய இடத்தில் தழும்பு புடைத்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கறுத்த தோலில் அது கூடுதலாக வரும்.

ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மலையில் வேலை செய்கிறவர் என்றால் நாளைப் பார்த்துக் குத்த வேண்டும். கொழுந்து எடுக்கும்போது முன்கை கிளையில் உரசிக்கொண்டே இருக்கும். மருந்து அடித்த மலையில் அந்தப் புண்ணோடு இறங்கக் கூடாது. மழைக்காலத்தில் அட்டை வேறு. நுவரெலியாக் குளிரில் வெயில் சுடுவதில்லை என்று கையை வெளியே விட வேண்டாம். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும், 1,800 மீற்றருக்கு மேல் அது கணிசமானது. ஆறும் வரை நீளக்கை சட்டை போடுங்கள், ஆறிய பிறகு வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் பூசுங்கள். பொருக்கு அரிக்கும், சொறியாதீர்கள். சொறிந்த இடத்தில் மை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பாந்தரின் முதுகில் வழுக்கை விழும். அதை நிரப்ப மறுபடி கடைக்குப் போக வேண்டியதுதான்.